பாக்கெட் வைத்த ஏப்ரன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் டோரிஸைக் கையும் டெலிபோனுமாகச் சமையலறையில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாகவா நிற்கிறாள் பாவம் என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் நமக்குத்தான். அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். ஆஸ்திரேலியாவின் மோர்வெல்லில் இருக்கும் இந்த டோரிஸ் கமிலேரிக்கு எழுபது வயது நெருங்குகிறது. சிறுமியாக மால்டாவிலிருந்து கப்பலில் வந்தவள். கணவன் ரெனோ மின்நிலையத்தில் உழைத்து ஓய்ந்து, இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் ஜொசெட் மெல்போர்னில் இருக்கிறாள், இப்போது ஒரு வாரம் அம்மா வீட்டில் தங்க வந்திருக்கிறாள். மூத்தவன் டேமியன். நாற்பத்து நான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். இந்தத் தொடரில் பாதிப்பேருக்கு அவன்தான் செல்லம் என்று எனக்கு வரும் கடிதங்களிலிருந்து தெரிகிறது.

அந்த டேமியன் சில மாதங்களாகச் சரியில்லை. இடது கால் ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு அது ஏன் நுழையவில்லை என்று யோசிக்கிறான். உயிரையே விடும் பஸ்தீட்ஸியை, பாலாடை அடைத்த அந்த மால்டா பப்ஸை, தட்டில் வைத்தால் அதை என்ன செய்வது என்பதுபோல் பார்க்கிறான். டாக்டர் மூன்று காரணம் சொன்னார். அப்பா போன துக்கமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், இல்லையென்றால் மறதி நோயாக இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சீக்கிரமே வந்துவிடுவது உண்டு என்று அவர் விளக்கியபோது டோரிஸ் ஜன்னலுக்கு வெளியே நின்ற காரின் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் தைராய்டு வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். சிரிக்காதீர்கள். அவளுடைய சிநேகிதி லியானின் மகள் ட்ரூடிக்கு அதுதான் வந்தது. அவளும் டேமியனைப் போலப் பிறந்தவள்தான். ஒரு சமயம் அவளும் இப்படித்தான் மந்தமாகி, எந்நேரமும் தூங்கி வழிந்தாள். தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், சில வாரத்திலேயே பழையபடி வாயாட ஆரம்பித்துவிட்டாள். ஆகவே டோரிஸ் பாக்கஸ் மார்ஷ் குன்றின் மேலிருக்கும், மால்டாக்காரர்கள் கும்பிடும் தா பீனு மாதாவிடம், என் பிள்ளைக்குத் தைராய்டைக் கெடுத்துக் கொடு தாயே என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். எந்தத் தாய் இப்படிக் கேட்பாள்? அவள் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த போன் கிளினிக்கிலிருந்து.

"நல்ல செய்தி டோரிஸ்" என்றது அந்தப் பெண்ணின் குரல். "தைராய்டு எல்லாம் சுத்தமா நார்மல். கவலைப்படாம இருங்க."

டோரிஸ் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். பிறகு மால்டீஸ் மொழியில் மாதாவை ஒரு வார்த்தை திட்டினாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக மன்னிப்பும் கேட்டாள். யார் போனில் என்று ஜொசெட் உள்ளேயிருந்து கேட்டதற்கு, கோயிலில் தான் பூ வைக்கிற முறை வேறு வாரத்துக்கு மாறியிருக்கிறது என்றாள். வாழ்க்கையில் அதிகம் பொய் சொல்லாதவள் ஆனதால் குரல் நன்றாகவே இடறியது. ஜொசெட் அதைக் கவனித்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். சொந்த மைதானத்தில் மேட்ச்.

உள்ளூர் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பின் கேன்டீனை, சொந்த மைதானத்தில் மேட்ச் இருக்கிற சனிக்கிழமைகளில் நடத்துவது டவுன் சிண்ட்ரோம் குடும்பங்களின் சங்கம். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சில அம்மாக்கள், கொஞ்சம் அப்பாக்கள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள். பிள்ளைகள்தான் கறி அடைத்த மீட் பை சூடு பண்ணுகிறார்கள், சாஸ் ஊற்றுகிறார்கள், டீ போடுகிறார்கள். ஆரம்பத்திலிருந்தே டீக்கு வெந்நீர் பிடிக்கும் பாய்லர் டேமியனுடையது.

டோரிஸ் வண்டியை எடுக்கும்போது அவன் ஏற்கெனவே கோட்டுக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். மார்பில் அவன் பெயர் சிவப்பு நூலில் தைத்திருக்கும்.

"இன்னிக்கு நம்ம டீம் ஜெயிக்குமா?" என்று ஜொசெட் பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

"தோக்கும்" என்றான் டேமியன். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். அந்த டீமைத் தெரிந்தவர்கள் யாரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். பழைய டேமியன் பேசியதுபோல் இருந்ததால் டோரிஸ் ஒரு முறை திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டாள்.

கேன்டீனுக்குள் நுழைந்ததும் லியான் ஒரு ஏப்ரனை எடுத்து ஜொசெட்டின் கழுத்தில் மாட்டினாள். அதில் பெயர் இல்லை. வயிற்றுப் பக்கம் கங்காருவுக்கு இருப்பதுபோல் ஒரு பெரிய பாக்கெட் இருந்தது.

"கை அரிச்சா உள்ள போட்டுக்க" என்றாள் லியான். "உங்கம்மா போட்ட சட்டம்தான். வேலை செய்யறது அவங்க. நாம வேடிக்கை பாக்கறவங்க."

அது டோரிஸ் போட்ட சட்டமேதான். கேன்டீன் ஆரம்பித்த புதிதில் அம்மாக்கள் பொறுக்க மாட்டாமல் தாங்களே ரொட்டியில் வெண்ணெய் தடவி, தாங்களே டீ ஊற்றி, பிள்ளைகளை ஓரமாகப் பொம்மைகளாட்டம் நிற்க வைத்தார்கள். பார்த்துப் பார்த்து டோரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய திரைச்சீலையைக் கிழித்துப் பெற்றோருக்கெல்லாம் பாக்கெட் வைத்த ஏப்ரன் தைத்தாள். ஒருவன் தடுமாறினால் ஓடிப்போய்ச் செய்துகொடுக்கக் கூடாது. கை பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, அவனே செய்வான். வேலை செய்யும் பிள்ளைகளின் ஏப்ரனில் பாக்கெட்டே கிடையாது. கையைச் சும்மா வைத்துக்கொள்ள அவர்களுக்கு எதற்கு இடம் என்பது டோரிஸின் வாதம்.

ஊரே இதற்குப் பழகிவிட்டது. டீக்கு நிற்பவர்கள் டேமியனை அவசரப்படுத்துவதில்லை. அவன் நேரம் எடுத்துக்கொண்டால் ஸ்கோர் பலகையைப் பார்ப்பார்கள், நம் டீமின் கதியை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். வெளியூர்க்காரன் யாராவது முணுமுணுத்தால் பக்கத்தில் நிற்பவர் அவனை ஒரு பார்வை பார்ப்பார். டேமியன் தலைநிமிர்ந்து நடக்கக் கற்றது அந்தப் பாய்லர் பக்கத்தில்தான். அது போனால் அவனுக்கு வாரத்தில் மிச்சமிருப்பது டிவியும் ஜன்னலும்தான் என்று டோரிஸுக்குத் தெரியும். அதனால்தான் டாக்டர் சொன்ன அந்த மூன்றாவது காரணத்தை அவள் வீட்டு வாசல்படி ஏறவிடாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பாதி ஆட்டத்துக்கான சைரன் ஊதியது. மைதானத்தைச் சுற்றி நிறுத்திய கார்களிலிருந்து ஜனங்கள் இறங்கி கேன்டீன் ஜன்னலுக்கு வந்தார்கள். ட்ரூடி ஆர்டர் வாங்கினாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"டேமியன், ரெண்டு டீ. ஒண்ணு சர்க்கரை இல்லாம. கோர்டனுக்கு. அவருக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே."

"ஊருக்கே சொல்லு தாயே" என்றார் கோர்டன். அவர் ரெனோவோடு மின்நிலையத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்.

டேமியன் கோப்பையை எடுத்தான். பாய்லர் முன்னால் போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

கோர்டன் ஸ்கோர் பலகையைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். டோரிஸ் சுவரோரமாகக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஜொசெட் அசையாமல் அண்ணனையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவன்தான் அவளுக்குத் தம்பி மாதிரி.

ட்ரூடி ஒரு மீட் பைக்குச் சாஸ் ஊற்றிக்கொண்டே, ஏதோ எட்டி எடுப்பவள்போல் டேமியன் பக்கம் சாய்ந்தாள். அவன் கோப்பைக்குள் டீ பேக்கைப் போட்டாள். அவன் கையைப் பிடித்துக் குழாய்க்கு நேராக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தன் இடத்துக்கு வந்துவிட்டாள். அவ்வளவு லாகவம். ஒரு நாளில் வருகிற லாகவம் இல்லை அது. டோரிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

டேமியன் குழாயைத் திறந்தான். கோப்பை நிறைந்தது. நிறைந்த கோப்பையைப் பத்திரமாக மேடையில் வைத்தான். குழாயை மூடவில்லை. மூட வேண்டும் என்று ஏதோ ஞாபகம் வந்ததுபோல் இடது கையை நீட்டினான், ஆனால் அது குழாயின் கைப்பிடிக்குப் போகாமல் வெந்நீருக்கு அடியில் போய் நின்றது.

அவன் கத்தவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தன் கையைப் பார்த்தான். ஆவி எழுந்தது.

டோரிஸ் பார்த்தாள். எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தாள். இரு, அவனே எடுத்துவிடுவான் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அது அவளுடைய சொந்தக் குரல், வருஷக்கணக்காக மற்ற அம்மாக்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே குரல். கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

ஜொசெட் பாய்ந்துபோய் அண்ணனை இழுத்தாள். கோப்பை உருண்டது. அப்போதுதான் டேமியன் வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தான்.

கேன்டீனுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் குழாயடியில் அவனைப் பால் கிரேட்டைக் கவிழ்த்து உட்கார வைத்து, கையைக் குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் பிடித்திருந்தார்கள். கிளப்பில் ஆட்டக்காரர்களுக்குக் கட்டுப் போடும் பெண் ஓடிவந்து பார்த்தாள். அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு டோரிஸிடம் திரும்பினாள்.

"நல்ல நேரம், மேலாப்பலதான் வெந்திருக்கு. ஆழமில்ல. அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஆறிடும் பாருங்க."

ஈரம் படாமல் ஒரு மெல்லிய கட்டுப் போட்டுவிட்டு அவள் போனாள். ட்ரூடி ஜன்னலை லியானிடம் ஒப்படைத்துவிட்டு வந்து டேமியனுக்கு ஒரு மீட் பை கொடுத்தாள். அவன் நல்ல கையால் அதைத் தின்றான். அழுகை நின்றுவிட்டது. எதற்கு அழுதோம் என்பதுகூட மறந்திருக்கலாம்.

ஜொசெட் அம்மாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"நீ பாத்துக்கிட்டே நின்னேம்மா."

டோரிஸ் கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தாள்.

"பக்கத்துல நீதான் நின்னே. எனக்கு முன்னாடி நீ பாத்துட்டே. உன் கை அசையலை."

டோரிஸ் கட்டிட மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ட்ரூடி அவர்கள் பேசுவதை ஒளிவுமறைவில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று லியான் அவளுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறாள், பலனில்லை.

"எத்தனை நாளா ட்ரூடி?" என்று டோரிஸ் கேட்டாள்.

"என்னது?"

"டேமியனுக்கு நீ கை கொடுக்கறது."

ட்ரூடி யோசித்தாள். "இந்த சீசன் முதல் மேட்ச்லேர்ந்து. அவனுக்குத் தெரியலை டோரிஸ். பாய்லரைப் பாத்து இது என்னன்னு என்கிட்ட கேட்டான். நான் சொன்னேன். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன்."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"நீங்கதான் பாத்துக்கிட்டே நிக்கறீங்களே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்." பிறகு தன் ஏப்ரனை முன்னால் இழுத்துக் காட்டினாள். "நீங்க உதவி செய்யக் கூடாது. சட்டம். எனக்குத்தான் பாக்கெட் இல்லையே. அதனால நான் செஞ்சேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். டோரிஸுக்குத்தான் அது குறையாகக் கேட்டது. சீசன் முழுக்க அவள் இந்தச் சுவரோரம் நின்று, என் பிள்ளை தானே செய்கிறான் பார் என்று பூரித்திருக்கிறாள். ஊர் முழுக்க மரியாதையாகக் காத்திருந்தது. அத்தனை பேருடைய பொறுமைக்கும் பின்னால் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தான், அவள் கண்ணெதிரிலேயே.

"தைராய்டு இல்ல" என்றாள் டோரிஸ், மகளிடம். "நேத்து வந்த போன் அதுதான். எல்லாம் நார்மலாம்."

ஜொசெட் கோபத்தோடுதான் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அணைத்தபோது நடுவில் அந்த இரண்டு பாக்கெட்டும் கசங்கின. யாரைத் திட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜன்னல் கூட்டம் குறைந்ததும் லியான் வந்தாள். அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னாள். இனிமேல் டேமியனைப் பாய்லர் பக்கம் விட முடியாது. அதை அவனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒருவரைப் பற்றிய முடிவை அவர் இல்லாத இடத்தில் எடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் இன்னொரு சட்டம். அதையும் யார் கொண்டுவந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நான் வேணா சொல்லட்டுமாடி?" என்று லியான் கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் டோரிஸ். "நான் பெத்தவ."

அவள் இன்னொரு கிரேட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மகனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் மோவாயில் சாஸ் ஒட்டியிருந்தது. துடைக்கக் கை போனது, வழக்கப்படி திரும்பியது. பிறகு துடைத்தாள்.

"டேமியன். டீ இனிமே ட்ரூடி போடுவா."

"அது என் வேலை."

"ஆமா."

"பாய்லர் என்னோடது."

"ஆமாண்டா."

அவன் அவளையே பார்த்தான். ரெனோவின் கண்கள். பொய் என்றால் என்னவென்று தெரியாத கண்கள் என்று எழுதலாம்தான், ஆனால் டேமியனுக்குப் பொய் நன்றாகத் தெரியும், பஸ்தீட்ஸி விஷயத்தில் நிறையச் சொல்லியிருக்கிறான். இப்போது அவன் நம்பிக்கொண்டு காத்திருந்தான். அவ்வளவுதான்.

டோரிஸ் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்வரை கொண்டுவந்தாள். உனக்கு மறந்துபோகிறது கண்ணா, இன்னும் மறக்கும், இதை நிறுத்த என்னால் முடியாது. ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

"கை ஆறற வரைக்கும்தான்" என்றாள்.

"ஆறினா?"

"ஆறினா நீதான்."

பின்னால் ஜொசெட் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. டோரிஸ் திரும்பவில்லை. டேமியனுக்குத் திருப்தியாகிவிட்டது. எழுந்து நின்றான். அவன் ஏப்ரன் தொப்பலாக நனைந்திருந்தது, காற்றோ முகத்தைக் கிள்ளியது. டோரிஸ் அதை அவிழ்த்தாள். வேறு இல்லாததால் தன்னுடையதைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள், முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். பாக்கெட்டைக் கண்டுபிடித்தான். கட்டுப் போட்ட கையை மெதுவாக அதற்குள் விட்டான், பிறகு மற்றக் கையையும் விட்டான். முகம் மலர்ந்தது.

"அம்மா மாதிரி" என்றான்.

உள்ளே போய் லியானுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டான். பெற்றோர் நிற்கும் இடம். ட்ரூடி பாய்லரைத் திறந்து யாருக்கோ டீ ஊற்றியதை ஒரு மேற்பார்வையாளரின் கண்டிப்போடு கவனித்தான். உதவி செய்யப் போகவில்லை. சட்டம் அவனுக்கு மறக்கவில்லை.

நான்கு பகுதிகளில் மூன்றாவது பகுதி ஆட்டம் தொடங்கியது. நம் டீம் எப்படியோ ஒரு கோல் அடித்துவிட்டது. சுற்றியிருந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. அந்தச் சத்தத்தில் ட்ரூடி ஒரு கோப்பை டீயோடு டோரிஸிடம் வந்தாள். அபூர்வமாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நீங்க அவன்கிட்ட நிஜத்தைச் சொல்லலை."

"சொல்லுவேன் ட்ரூடி."

"அடுத்த சனிக்கிழமை கையில கட்டு இருக்காது. அவன் வந்து பாய்லரைக் கேப்பான். அப்போ நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். அவன் என் ஃபிரெண்டு."

அவள் போய்விட்டாள். டோரிஸ் டீயைக் குடிக்கவில்லை. கோப்பையை மேடையில் வைத்துவிட்டு, கைகளை வயிற்றுப் பக்கம் கொண்டுபோனாள். அங்கே பாக்கெட் இல்லை. பக்கவாட்டில் தொங்கவிட்டாள், கட்டிக்கொண்டாள், மறுபடி தொங்கவிட்டாள். இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் நின்றதில்லை.

எதிரே டேமியன் கட்டுப் போட்ட கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வலிக்கலைம்மா" என்று அங்கிருந்தே சொன்னான். "ஆறுது."

டோரிஸ் சிரித்துத் தலையாட்டினாள். உள்ளுக்குள், நேற்றுத் திட்டிய அதே மாதாவிடம் திரும்பவும் போய் நின்றாள். என் பிள்ளையின் காயம் சீக்கிரம் ஆறக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டாள்.